கறிவேப்பிலையிலிருந்து தொடங்குங்கள்

வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்றதும் எல்லோரும் நர்சரியில் பூச்செடிதான் கேட்கிறார்கள். பூவுக்கு வரும், தேன் குடிக்கும், போய்விடும். நம் வீட்டிலேயே பெருக வேண்டுமானால் புழுவுக்குத் தழை வேண்டும். ஒவ்வொரு புழுவுக்கும் அதற்கென்று சில செடிகள்தான், மற்றதைத் தொடாது. அதனால் திருச்சியில் எங்கள் கொல்லையில் தழைச்செடிக்குத்தான் முதலிடம்.

கறிவேப்பிலை இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று சமையலுக்கு, ஒன்று அவற்றுக்கு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் இளந்தளிரில் முட்டையிடும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இருந்தாலும் சரி. சின்னப் புழு பறவை எச்சம் போலக் கிடக்கும், அதுவே அதற்குப் பாதுகாப்பு. வளர்ந்ததும் இலைப்பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பை நீட்டி நாற்றம் விடும், கடிக்காது. பயந்து நசுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது ஈஸ்வரமூலிக் கொடி. கம்பிவலையில் ஏற்றிவிடுங்கள். ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் இதைத் தேடி வரும். இந்தத் தழையின் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, இறக்கை முளைத்த பிறகும் இருக்கும். அதனால் பறவைகள் அவற்றைத் தின்னாமல் ஒதுக்கும். கறிவேப்பிலை அழகியின் பெண்பூச்சிகளில் சில, நஞ்சே இல்லாமல், இந்த இரண்டின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு தப்பித்துத் திரியும். அடையாளம் உடம்பில் இருக்கிறது: அசலுக்கு உடல் சிவப்பு, வேஷக்காரிக்குக் கருப்பு. இரண்டு செடியும் ஒரே கொல்லையில் இருந்தால் இதை நீங்களே நின்று பார்க்கலாம். எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

வேலியோரம் எருக்கு நின்றால் வெட்டாதீர்கள், வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் வீடு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள். மஞ்சளும் வெள்ளையுமாகப் பறப்பவற்றுக்கு ஆவாரை போதும்.

பூவுக்கு இட்லிப்பூ, பென்டாஸ். தானே முளைக்கும் வெட்டுக்காயப்பூண்டைப் பிடுங்க வேண்டாம், சின்னப் பூச்சிகளுக்கு அதில்தான் தேன். உண்ணிச்செடி மட்டும் வேண்டவே வேண்டாம். பூச்சி மொய்க்கும், உண்மை. ஆனால் முதுமலைக் காட்டையே மூடிக்கொண்டிருக்கும் செடி அது.

காலை வெயில் விழும், காற்று அடிக்காத இடம் பாருங்கள். இறக்கை வெயிலில் சூடேறினால்தான் பறக்க முடியும். ஒரு தட்டில் மண் போட்டு ஈரமாகவே வைத்திருங்கள், ஆண்பூச்சிகள் உப்புச்சத்தை உறிஞ்ச வரும்.

மருந்து எதுவும் அடிக்கக்கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் புழுவைக் கொல்லும். நர்சரிச் செடியில் முன்பே மருந்து ஏறியிருக்கலாம். புதுத்தழை வரும்வரை தனியாக வையுங்கள்.

பூச்சிகளை இனம் பிரித்துப் பழக, ஸ்ரீரங்கம் பக்கம் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுது போய்வாருங்கள். வீட்டில் கவாத்து செய்யும்முன் குச்சிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூட்டுப்புழு தொங்கினால் அந்தக் கிளையை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.