சார்பு நீதிபதி யாருக்குச் சார்பு?

தேவகோட்டையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாகப் பிரிவினை வழக்குக்காக வந்த ஒரு ஆச்சி, கையிலிருந்த சம்மனைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "சார்பு நீதிபதினு போட்டிருக்கே தம்பி, இவுக யாருக்குச் சார்பு? எங்க கொழுந்தனார் பக்கமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் உட்கார வேண்டியவருக்குச் 'சார்பு' என்று பெயர் வைத்தால் கேட்கத்தானே செய்வார்கள்?

சார் பதிவாளர், சார் ஆட்சியர் என்கிறோமே, அந்தச் சார்தான் இது. மேலே மாவட்ட நீதிபதி இருக்கிறார், அவருக்கு அடுத்த படியில் இவர், அவ்வளவுதான். ஆனால் இந்த மாதிரிச் சொல் குழப்பத்தில் பணத்தையும் வருஷத்தையும் தொலைத்தவர்களை இந்தக் கடையில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ரொம்ப மோசமாக மாட்டுவது 'நடுவர்' என்ற சொல்லில். நம் பக்கத்து ஆட்களுக்கு நடுவர் என்றாலே பட்டிமன்றம்தான். காரைக்குடியில் 1939 முதல் கம்பன் திருநாள் கேட்டு வளர்ந்த ஊர், குன்றக்குடி அடிகளார் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னதை இன்னும் பேசுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கிரிக்கெட் அம்பயரையும் கால்பந்து ரெப்ரியையும்கூட நடுவர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் கோர்ட் போர்டில் 'நீதித்துறை நடுவர்' என்று இருந்தால் அவர் மாஜிஸ்ட்ரேட், வாரண்ட் போடுகிறவர், உள்ளே அனுப்புகிறவர். "நடுவர்தானே, ஜட்ஜ் இல்லையே" என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு நடுவர் இருக்கிறார், தபாலில் வருகிறவர், இங்கிலீஷில் ஆர்பிட்ரேட்டர். டிராக்டருக்கோ வேனுக்கோ ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியிருப்போம், ஒப்பந்தத்தில் எறும்பு எழுத்தில் 'தகராறு வந்தால் சென்னையில் நடுவர் விசாரிப்பார்' என்று ஒரு வரி இருக்கும், தவணை நின்று சில மாதம் கழித்து யாரோ ஒருவர் லெட்டர்பேடில், கோர்ட் முத்திரை எதுவும் இல்லாமல், இன்ன தேதிக்கு ஆஜராகவும் என்று கடிதம் வரும். வக்கீல் நோட்டீஸ்தான் இது என்று அலமாரிக்கு மேல் போட்டுவிடுவார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படி மூன்று கவர்களைப் பிரிக்காமலே கொண்டுவந்தார். அதற்குள் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, உள்ளூர்க் கோர்ட்டில் நிறைவேற்று மனுவும் போட்டாகிவிட்டது. 1996ஆம் வருஷத்து நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டப்படி இந்த நடுவர் சொல்வதும் கோர்ட் டிக்ரி மாதிரியே நிறைவேறும். ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள், அதோடு கதவு சாத்திவிடும். வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ளவர் தானே தனியாக ஒரு நடுவரை நியமிக்கக் கூடாது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நல்ல ஆயுதம்தான், ஆனால் கவரைப் பிரித்தால்தானே எடுக்க முடியும்.

அடுத்தது என் தப்பையே சொல்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், பூர்வீக வீட்டில் முகப்பும் பட்டாலையும் யாருக்கு என்று தகராறு. வெளியிலேயே முடித்துக்கொள்கிறோம் என்று வந்து, "மத்தியஸ்தர்கள் நால்வர் சொல்லுகிறபடி நடந்துகொள்வோம்" என்று எழுதச் சொன்னார்கள். நானும் பத்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்துவிட்டேன். நால்வரும் இரண்டு இரண்டாகப் பிரிந்தார்கள்! நடுவர்கள் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது, அப்போது எனக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய வம்பு 'மத்தியஸ்தர்' என்ற சொல்லில் கிளம்பியது. நம் ஊர்ப் பேச்சில் மத்தியஸ்தர் என்றால் தீர்ப்புச் சொல்கிறவரும் உண்டு, ரெண்டு பக்கமும் பேசிச் சேர்த்துவைக்கிறவரும் உண்டு. தம்பி, "அவுக சொன்னது யோசனைதானே, தீர்ப்பா?" என்று கேட்டுவிட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது.

இப்போதெல்லாம் எழுத வருகிறவர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: அவர் சொன்னதற்கு நீங்கள் கட்டுப்படுவீர்களா, இல்லை பிடித்தால் மட்டும் ஒத்துக்கொள்வீர்களா? கட்டுப்படுவீர்கள் என்றால் 'நடுவர்' என்று எழுதி, அவர் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும் என்று வெளிப்படையாகச் சேர்த்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வெறும் பேச்சுக்கு ஆள் வேண்டுமென்றால் 'சமரசர்'. ஒரே ஆளை முதலில் சமரசராக வைத்து, படியாவிட்டால் அவரையே நடுவராக்குவது தனியாக ஒத்துக்கொண்டிருந்தாலொழியக் கூடாது. சமரசரிடம் மனம்விட்டுச் சொன்ன ரகசியமெல்லாம் தீர்ப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், செட்டிநாட்டைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரு நாட்டாமையை உட்காரவைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் 'நாடு' என்று சொல்கிற ஊர்த் தொகுதிகளில் 'அம்பலம்' என்றோ 'நாட்டார்' என்றோ சொன்னால்தான் ஒட்டும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில் 'காரியக்காரர்' என்பவர் நகரத்தார் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர், அவரை நீதிபதி ஆக்காதீர்கள். பஞ்சாயத்துத் தலைவர் குடிதண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், வழக்குத் தீர்க்க அல்ல. அபராதம் போட்டு ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கிற கூட்டத்தைப் 'பஞ்சாயத்து' என்று மரியாதையாக எழுதுவதும் தவறு. அது கட்டப்பஞ்சாயத்து, சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட் 2011லேயே சொல்லியாயிற்று.

சில்லறைத் தப்புகளும் உண்டு. 'நீதியரசர்' ஐகோர்ட்டிலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இருப்பவர்களுக்கு. மாவட்ட கோர்ட்டில் இருப்பவரை அப்படி விளித்து மனு அடித்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும். நீதிமான் என்பது குணத்தைச் சொல்வது, பதவியை அல்ல.

அந்த ஆச்சி போன வாரம் மறுபடி வந்தார். வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். "இவரும் நீதிபதியா?" என்றார். இல்லை ஆச்சி, இவர் சமரசர், தீர்ப்புச் சொல்ல மாட்டார், நீங்களும் கொழுந்தனாரும் ஒத்துக்கொண்டதைத்தான் எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவார் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப வழக்குல சேக்காம விட்ட வைரத்தோட்டையும் அங்க பேசலாமா?"

பேசலாம் ஆச்சி, அங்கே அதற்குத் தடையில்லை என்றேன். தோட்டின் பழைய ரசீதை மூன்று காப்பி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.