ஜப்பான் டிபார்ட்மென்ட் ஸ்டோர் இனிப்புகள்: பெட்டியாக வாங்கும் முன் ஒவ்வொன்றாக ருசி பார்ப்பது எப்படி?

ஜப்பானில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் அடித்தளம் முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்தான். அந்தத் தளத்தை டெப்பச்சிக்கா என்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் பெட்டியின் அழகில் மயங்கி இருபது துண்டு வாங்கிவிட்டு, இரண்டைத் தின்றபின் மீதியை என்ன செய்வதென்று விழிப்பார்கள். ஐந்து வகை, வகைக்கு ஒன்று போதும்.

படி 1: ஒற்றையாக விற்கும் இடத்துக்குப் போங்கள்

தகாஷிமாயா கடைகளில் மெய்க்கா ஹியாக்குசென் என்ற பகுதி உண்டு. பல ஊர்களின் பெயர்பெற்ற இனிப்புகள் அங்கே ஒரே இடத்தில் இருக்கும், பலவற்றை ஒன்றிரண்டாகவும் எடுக்கலாம். தோராயா என்ற இனிப்புக் கடையின் கவுண்டரில் சின்ன யோக்கானை (பயறு விழுதைக் கடற்பாசியோடு காய்ச்சி இறுக்கிய இனிப்புக் கட்டி) தனியாகவே தருவார்கள். மற்ற இடங்களில் “ஹிதோத்சு தகே காஎமாஸ் கா?” (ஒன்று மட்டும் வாங்கலாமா?) என்று கேளுங்கள்.

படி 2: ஈரத்தைக் கணக்குப் பண்ணுங்கள்

ஜப்பானிய இனிப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஈரப்பதம். 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நாமகாஷி. தைஃபுக்கு (இனிப்புப் பயறு விழுதைப் பசையரிசி மாவுத் தோலில் பொதிந்தது) இந்த வகை, பெரும்பாலும் அன்றே தின்ன வேண்டும். 10 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் ஹிகாஷி; அச்சில் அழுத்திய சர்க்கரை இனிப்புகள் இதில் வரும், மாதக்கணக்கில் தாங்கும். நடுவில் இருப்பது ஹன்-நாமகாஷி. யோக்கான் மட்டும் விதிவிலக்கு மாதிரி: சர்க்கரை அவ்வளவு அதிகம் என்பதால், உறை பிரிக்காத தோராயா யோக்கான் தயாரித்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை இருக்கும்.

படி 3: தேதியைச் சரியாகப் படியுங்கள்

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 26.3.8 என்று அச்சிட்டிருந்தால் 2026 மார்ச் 8. ஜப்பானில் வருடம்தான் முன்னால் வரும். ஷோமி கிகென் என்றால் அதுவரை ருசி குறையாது என்று பொருள். ஷோஹி கிகென் என்றால் அதன்பின் தின்னவே கூடாது. எழுத்தில் இரண்டுக்கும் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றே, முதல் இரண்டுதான் மாறும். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சைவம் பார்ப்பவர்களுக்கு யோக்கான்தான் கைகொடுக்கும். தோராயாவின் ‘யோரு நோ உமே’யில் இருப்பது சர்க்கரை, அசுகிப் பயறு, கடற்பாசி மட்டுமே. அசுகி நம் காராமணிக்கு உறவு. கடற்பாசி நோன்புக் காலத்தில் நம் ஊர்களில் காய்ச்சும் அதே சரக்கு. கேக், குக்கீ வகைகளில் முட்டை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூஸ், புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள். ஒகினாவாவின் சின்சுகோ பிஸ்கட்டில் வழக்கமாகச் சேர்வது பன்றிக் கொழுப்பு.

படி 4: கவுண்டரில் பேசுவது

“ஜிதாக்கு-யோ தெஸ்” (வீட்டுக்குத்தான்) என்றால் பரிசுத்தாள் சுற்றாமல் தருவார்கள். குளிர்ந்த இனிப்பு வாங்கினால், வீடு போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்பார்கள். அதற்கேற்பத்தான் ஐஸ் பை வைப்பார்கள், ஆகவே நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நடந்துகொண்டே தின்பது அங்கே அழகல்ல. அறைக்குக் கொண்டு வாருங்கள்.

படி 5: ருசி பார்ப்பது

தைஃபுக்குவில் தொடங்குங்கள், அதற்குத்தான் ஆயுள் குறைவு. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவது போலத்தான்: அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி, மேல்தோல் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இன்று முடியாதென்றால் ஒவ்வொன்றாகச் சுற்றி உடனே ஃப்ரீசரில் வையுங்கள், பிறகு அறைச் சூட்டிலேயே இளகவிடுங்கள்.

அடுத்து பௌம்குஹென். 1919இல் ஹிரோஷிமாவில் போர்க்கைதியாக இருந்த ஜெர்மானியர் கார்ல் யூஹைம் ஜப்பானில் அறிமுகப்படுத்திய கேக் இது. உறையைப் பிரித்ததும் சாராய வாடை வந்தால் கெட்டுவிட்டது என்று வீசிவிடாதீர்கள். பூஞ்சை வராமலிருக்கச் சில தயாரிப்பாளர்கள் வைக்கும் சின்னப் பொட்டலத்தின் ஆவி அது, சில நிமிடம் திறந்து வைத்தால் போய்விடும். செங்குத்தாகத் தடியாய் வெட்டாமல், கத்தியைச் சாய்த்து மெல்லிசாகச் சீவுங்கள். வாயில் காற்றோடு சேர்ந்து வெண்ணெய் மணம் நன்றாகத் தெரியும்.

யோக்கானைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் தின்றால் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். ஈரமான கத்தியால் 1 செ.மீ. தடிப்பில் வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கருஞ்சிவப்பில் அங்கங்கே வெளிறிய பயறுகள், இருட்டில் பூத்த பிளம் மலர்களைப் போல. ‘இரவின் பிளம்’ என்று பொருள்படும் பெயர் அதனால்தான். கூடவே 70–80 டிகிரி வெந்நீரில் போட்ட செஞ்சா என்ற ஜப்பானியப் பச்சை டீ. பால் டீ வேண்டாம், பயறின் மணம் அமுங்கிவிடும்.

மீந்த யோக்கானைக் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள். ஓரம் காய்ந்து வெள்ளையாய்ப் பொரபொரவென்று ஆகியிருந்தால் பெரும்பாலும் அது சர்க்கரை உறைந்ததுதான். பூஞ்சையாக இருந்தால் பஞ்சு மாதிரி மயிர்விட்டிருக்கும். ஊருக்கு எடுத்துப் போவதானால் புட்டிங்கும் ஜெல்லியும் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். சர்வதேச விமானத்தில் அவை திரவக் கணக்கில் வரும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.