டூல்பாக்ஸ் மீட்டிங்கில் கஹூட்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் சிறு பாதுகாப்புக் கூட்டம். காலையில் அதில் பாதுகாப்பு விதிகளை வாசிக்கிறீர்கள். எதிரே நிற்பவர்கள் தலையாட்டுகிறார்கள். புரிந்து ஆட்டுகிறார்களா, தூக்கத்தில் ஆட்டுகிறார்களா? பத்து நிமிட விளையாட்டு ஒன்று வைத்தால் தெரிந்துவிடும். சிங்கப்பூர் சைட்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரும் சூப்பர்வைசர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஸூமில் வகுப்பெடுப்பவர்கள் கேள்விகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். கருவி கஹூட்: திரையில் கேள்வி வரும், போனில் நிறத்தைத் தட்டி விடை சொல்லும் வினாடி வினாச் செயலி. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு அறிமுகம் வேண்டாம்.

படி 1: ஒரு தவற்றில் தொடங்குங்கள்

“உயரத்தில் வேலை” என்று தலைப்பு வைத்தால் ஐம்பது கேள்வி எழுதலாம், ஒன்றும் ஒட்டாது. “பெர்மிட் (உயரத்தில் வேலை செய்யத் தரும் அனுமதிச் சீட்டு) முடிந்த பிறகும் ஏறுவது” என்று ஒரு தவற்றை எடுங்கள். நூலிழையில் தப்பிய சம்பவங்களைக் குறித்து வைத்திருப்பீர்கள்; அதிலிருந்து ஐந்தாறு போதும்.

படி 2: கேள்வியைச் சம்பவமாக எழுதுங்கள்

“எத்தனை மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் பெர்மிட் வேண்டும்?” என்று கேட்டால், மனப்பாடம் செய்தவர் “3” என்று சொல்லிவிடுவார். அவரே மத்தியானம் பெர்மிட் இல்லாமல் ஏறவும் செய்வார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

ஸ்கேஃபோல்டிங்கில் (சாரத்தில்) 4 மீட்டர் உயரத்தில் ஒரு கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. பெர்மிட் நேற்றோடு முடிந்தது. “அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி, ஏறிட்டு வந்துரு” என்கிறார் ஃபோர்மேன். என்ன செய்வீர்கள்?

சிவப்பு: ஹார்னஸ் (பாதுகாப்புப் பட்டை) மாட்டிக்கொண்டு ஏறுவேன்
நீலம்: கீழே ஒருவரை நிறுத்திவிட்டு ஏறுவேன்
மஞ்சள்: புதுப் பெர்மிட் வரும்வரை ஏறமாட்டேன்
பச்சை: அவரையே ஏறச் சொல்வேன்

சரியான விடை மஞ்சள். பச்சை சிரிப்புக்கு. கேள்விக்கு உயிர் கொடுப்பவை சிவப்பும் நீலமும் என்ற தவறான விடைகள். நல்ல தொழிலாளிகள்கூட நிஜத்தில் செய்வது அவைதாம். தவறான விடை அசட்டுத்தனமாக இருந்தால் யாரும் யோசிக்கமாட்டார்கள்.

படி 3: நேரமும் புள்ளியும்

கஹூட்டில் சரியான விடையை உடனே தட்டினால் 1000 புள்ளி. கடைசி நொடியில் தட்டினால் ஏறக்குறைய பாதிதான். பாதுகாப்புப் பாடத்தில் அவசரத்துக்குப் பரிசு கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நிதானமாகப் படிப்பவர் பாவம், சரியாகச் சொல்லியும் கீழே கிடப்பார். எனவே 60 அல்லது 90 வினாடி கொடுங்கள். சம்பவக் கேள்விகளுக்குப் புள்ளியே வேண்டாம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்விக்குக் கஹூட் வைத்திருக்கும் எழுத்து வரம்பிலும் கவனம்: தமிழில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணப்படும். மேலே உள்ள கேள்வி முழுதாக நுழையாது. சம்பவத்தை வாயால் சொல்லிவிட்டு, உங்கள் சைட்டில் எடுத்த படத்தோடு “என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் திரையில் போடுங்கள்.

படி 4: நடத்துதல்

திரையில் வரும் நுழைவு எண்ணைப் (PIN) போனில் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். சொந்தப் பெயர் வேண்டாம். செயலியே விளையாட்டுப் பெயர் தரும், அதை இயக்கிவிடுங்கள். போன் குறைவாக இருந்தால் குழுவாக ஆடலாம்.

ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு எத்தனை பேர் எதைத் தட்டினார்கள் என்று பட்டை வரைபடம் வரும். சட்டென்று அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்; இந்த ஆட்டத்தை வைப்பதே இந்த இடத்துக்காகத்தான். “யார் சிவப்பு?” என்று கேட்டால் எல்லாரும் ஊமையாகிவிடுவார்கள். “சிவப்பைத் தட்டியவர் என்ன நினைச்சிருப்பார் அண்ணே?” என்று பொதுவாகக் கேளுங்கள். “ஃபோர்மேன் சொன்னா எப்படி மறுக்கிறது?” என்று யாராவது வாய் திறப்பார். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

படி 5: ஒரு வாரம் கழித்து மறுபடியும்

அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், படித்த ஐந்து நிமிடத்தில் மறுவாசிப்புக்குத்தான் வெற்றி. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அதனால் அதே தவற்றை வேறு சம்பவமாக மாற்றி, வாட்ஸ்அப் குழுவில் இணைப்பாக அனுப்புங்கள். இரவு ஷிஃப்ட்காரர்களும் தங்கள் நேரத்தில் ஆடலாம்.

பரிசு?

நடையைப் புள்ளியாக்கி வவுச்சர் தந்த சிங்கப்பூரின் தேசிய நடைச் சவாலை 2015லிருந்து பார்த்து வருகிறோம், ஆகவே “என்ன தருவீங்க?” என்று கேட்கத்தான் செய்வார்கள். முன்கூட்டி அறிவிக்காதீர்கள். படம் வரையப் பிடித்த பிள்ளைகளிடம் பரிசு உண்டு என்று முதலிலேயே சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்களுக்கு வரைவதில் நாட்டம் குறைந்ததாக உளவியலாளர் லெப்பர் குழுவினர் 1973இல் கண்டார்கள். ஆட்டம் முடிந்தபின் எல்லாருக்கும் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுங்கள், போதும்.

பிறகு அறிக்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எல்லாரும் சரியாகச் சொன்ன கேள்வியைத் தூக்கிவிடலாம். பாதிப் பேர் தவறியது பெர்மிட் கேள்வி என்றால், அடுத்த ஆட்டத்துக்கு ஃபோர்மேன்களையும் உட்காரவையுங்கள்.