படிவத்தை நிரப்ப உண்மையில் எத்தனை நிமிடம் ஆகிறது? அளந்து பார்க்கும் வழி

சென்ற ஆண்டு எங்கள் சமூக மன்றத்தில் தமிழ் நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு இணையக் கருத்தாய்வு நடத்தினோம். படிவத்தின் உச்சியில் '3 நிமிடம் போதும்' என்று எழுதியவன் நான்தான். கேள்விகளை எழுதியதும் நானே என்பதால் எனக்கு 3 நிமிடத்தில் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்த்த ஒரு அம்மா, "தம்பி, மூணு நிமிஷம்னு போட்டிருந்தீங்க. பேரனைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கால்மணி நேரம் உட்கார்ந்தேன்" என்றார். அன்றிலிருந்து அளக்காமல் எந்தப் படிவத்தையும் நான் அனுப்புவதில்லை. நீங்களும் அளக்கலாம், காசு செலவில்லை.

படி 1: நேரத்தைக் குறித்துவைக்கும் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கூகல் ஃபார்ம்ஸ் பதிலை அனுப்பிய நேரத்தை மட்டுமே பதிவு செய்யும். ஒருவர் எப்போது தொடங்கினார் என்பது அதில் இருக்காது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் தானாகவே குறித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்.

கூகலை விட முடியாது என்றால் ஒரு வழி உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் கூடியிருக்கும் புதிர்ப்போட்டியில், இரவு 7.30 மணிக்கு எல்லாரையும் சேர்ந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் அனுப்பிய நேரத்திலிருந்து 7.30-ஐக் கழித்தால் போதும். பதில்கள் சேரும் கூகல் விரிதாளின் நேர மண்டலம் சிங்கப்பூருக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஃபைல், செட்டிங்ஸ் பக்கத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

படி 2: அனுப்பும் முன் மூன்று பேரிடம் கொடுத்துப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வெவ்வேறு வயதில் மூன்று பேர் போதும். பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, வாயைத் திறக்காமல் அவர்கள் விரலைக் கவனியுங்கள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே கேள்வியில் கோளாறு.

அந்த அம்மாவிடமே எங்கள் அடுத்த படிவத்தைக் கொடுத்தேன். நான்காவது கேள்வியில் விரல் நின்றுவிட்டது. "தம்பி, 'பொருந்துமாயின்'னா என்ன?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் ஏறக்குறைய ஒரு நிமிடம் போயிருந்தது. 'பிள்ளைகள் இருந்தால் மட்டும் எழுதுங்கள்' என்று மாற்றினேன். அவர் வயதை ஒத்த இன்னொருவர் அதே இடத்தை நிற்காமல் கடந்தார்.

தட்டச்சு செய்ய வேண்டிய கேள்விகளையும் தனியாகக் கவனியுங்கள். கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியை வைத்திருப்பவர் சரசரவென்று தமிழில் எழுதிவிடுவார். தமிழ் விசைப்பலகையே இல்லாதவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார், இல்லையென்றால் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். இரண்டு பேருடைய நேரத்தையும் ஒப்பிட்டு ஒருவரை மெதுவானவர் என்று சொல்வது நியாயமாகாது.

படி 3: கணக்கு

பதில்கள் வந்ததும் மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸின் ரெஸ்பான்சஸ் பக்கத்திலிருந்து எக்செல் கோப்பைத் திறங்கள். ஸ்டார்ட் டைம், கம்ப்ளீஷன் டைம் என்று இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். கடைசியில் காலியாக உள்ள நெடுவரிசையில், முடித்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து 1440-ஆல் பெருக்குங்கள். எக்செல் ஒரு முழு நாளை 1 என்று எண்ணுகிறது. ஒரு நாளுக்கு 1440 நிமிடம் என்பதால் விடை நிமிடக் கணக்கில் வரும். விடை தேதி போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அந்த நெடுவரிசையின் வடிவத்தை நம்பர் என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

படி 4: சராசரியை நம்பாதீர்கள்

ஏழு பேர் எடுத்துக்கொண்ட நேரம் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 4, 5, 5, 6, 7, 9, 412 நிமிடம். கடைசி ஆள் கேள்விகளோடு ஏழு மணி நேரம் போராடவில்லை. காலையில் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் ஏறும்போது படிவத்தைத் திறந்தார், வேலைக்குப் போனார், மாலையில் வந்து முடித்தார். கடிகாரம் நடுவில் நிற்பதில்லை.

இதற்குச் சராசரி போட்டால் 64 நிமிடம் வரும். ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது பொருந்தாது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை, அதாவது நடுமதிப்பை, எடுத்தால் 6 வரும். எக்செல்லில் மீடியன் என்ற சூத்திரம் இதைச் செய்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் தன் முகப்பில் காட்டுவது சராசரி நேரம். அதைப் பார்த்து அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், மிக வேகமாக முடித்தவர்கள். நடுமதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக, நம் கணக்கில் 2 நிமிடத்துக்குள் முடித்தவர், கேள்விகளைப் படித்தாரா என்று சந்தேகப்படலாம். உடனே நீக்க வேண்டாம். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடையைத் தட்டியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தக் கேள்வியில் நேரம் போகிறது?

மொத்த நேரம் இதைச் சொல்லாது. கேள்வி வாரியாக வேண்டுமென்றால் லைம்சர்வே என்ற கருத்தாய்வுக் கருவியில் நேரத்தைச் சேமிக்கும் வசதி உண்டு. ஆய்வைச் செயல்படுத்தும் முன்பே அதை இயக்கிவிட வேண்டும், பிறகு முடியாது. குவால்ட்ரிக்ஸ் என்ற இன்னொரு கருவியில் டைமிங் என்றொரு கேள்வி வகை இருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் சேர்த்தால் முதல் சொடுக்கு, கடைசிச் சொடுக்கு, பக்கத்தை அனுப்பிய நேரம் எல்லாம் பதிவாகும். சிறிய குழுவுக்கு இவை தேவைப்படாது, இரண்டாம் படியே போதும்.

புதிர்ப்போட்டிக்குக் கஹூட் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வழக்கமான அமைப்பில் அது வேகமாகச் சொன்ன சரியான விடைக்குக் கூடுதல் புள்ளி தருகிறது. தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து விளையாடும் இடத்தில், விடை தெரிந்தும் தாத்தா தோற்றுவிடுவார். ஒவ்வொரு கேள்விக்கும் கொடுக்கும் நேரத்தையாவது கூட்டிவையுங்கள்.

படி 5: சொல்லிவிட்டு அளங்கள்

பெயரோடு நேரமும் சேர்ந்தால் அது ஒரு மனிதரைப் பற்றிய தகவல். இங்கே சிங்கப்பூரில் 2012-இல் இயற்றிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எதற்காகத் திரட்டுகிறோம் என்று சொல்லிக் கேட்பதுதான் முறை. 'கேள்விகளைத் திருத்துவதற்காக நேரத்தைப் பதிவு செய்கிறோம்' என்று படிவத்தின் மேலேயே எழுதுங்கள். நேரம் பார்ப்பதற்குப் பெயர் தேவையில்லை, அடையாள அட்டை எண் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் அந்த '3 நிமிடம் போதும்' வரியைத் திருத்துங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டுக்கு நான் எழுதுவது: '6 முதல் 9 நிமிடம் ஆகலாம்.'