கிளாக் 17, 19, 26: அளவை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

ஆஸ்திரிய நிறுவனமான கிளாக், தன் கைத்துப்பாக்கி மாடல்களுக்கு 17, 19, 26 என்று எண்களையே பெயராக வைக்கிறது. அந்த எண்ணை வைத்தே அளவைக் கணித்துவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 17 என்பது தோட்டாக்களின் எண்ணிக்கை என்று பலர் நம்புகிறார்கள். அதன் மேகசின், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, 17 தோட்டா கொள்வது உண்மைதான். ஆனால் 19-இல் கொள்வது 15, 26-இல் 10. பெரிய எண் என்றால் சிறிய துப்பாக்கி என்றும் சொல்ல முடியாது. 10 மி.மீ. தோட்டாவுக்கான 20, 17-ஐவிடப் பருமனானது. எண் பெரும்பாலும் வடிவமைத்த வரிசையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த தவறுதான் பெரியது: குழலை மட்டும் ஒப்பிடுவது. குழல் 17-க்கு 114 மி.மீ., 19-க்கு 102, 26-க்கு 87. இதைப் பார்த்ததும், சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லக் குழல் குட்டையாக இருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இடுப்பு உறையில் செருகும்போது குழல் கீழே இறங்கி மறைந்துவிடுகிறது. வெளியே துருத்திச் சட்டையைத் தூக்கிக் காட்டுவது கைப்பிடிதான். ஆகவே உயரத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 139, 128, 107 மி.மீ. 19-லிருந்து 26-க்கு வரும்போது கைப்பிடியில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் போய்விடுகிறது. மறைப்பதற்கு அது பெரிய லாபம். ஆனால் சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இருக்காது; ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி கையில் கூடுதலாகத் துள்ளும். புதிதாகப் பழகுபவருக்கு "சின்னதுதானே, சுலபம்" என்று 26-ஐக் கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். பழகுவதற்கு 17-தான் நல்லது.

நீளமும் உயரமும் சேர்ந்தே குறையும் என்று எண்ணுவதும் தவறு. 2018-இல் வந்த 19எக்ஸ், 45 இரண்டும் 19-இன் நீளத்தையும் 17-இன் முழுக் கைப்பிடியையும் கொண்டவை. பெயரில் 19 இருக்கிறதே என்று மறைத்து எடுத்துச் செல்ல 19எக்ஸ் வாங்குபவருக்கு, மறைக்கக் கடினமான பகுதி அப்படியே மிஞ்சும். தடிமன் தனிக் கணக்கு. 26 குட்டை, ஆனால் அதன் மேகசினில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கப்படுவதால் தடிமன் குறையவில்லை. 2015-இல் வந்த 43 மெலிந்தது, ஆனால் கொள்வது 6 தோட்டாதான்.

மேகசின் விஷயத்தில் ஒரு நல்ல வசதி உண்டு: 17-இன் மேகசின் 19-லும் 26-லும் பொருந்தும், கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். சிறியதன் மேகசின் பெரியதில் பொருந்தாது. 26 வைத்திருப்பவர் 17-இன் மேகசினை உதிரியாக எடுத்துச் செல்வது நல்ல ஏற்பாடு. ஆனால் எப்போதும் அதையே மாட்டி வைத்தால் குட்டைக் கைப்பிடிக்காக 26 வாங்கியதற்குப் பொருளே இல்லை. ஒரே குடும்பம்தானே என்று 43-இன் மேகசினைக் கைப்பிடி நீண்ட 43எக்ஸில் போட முயல வேண்டாம், பொருந்தாது.

எடையில் ஒன்றைக் காலியாகவும் இன்னொன்றைத் தோட்டாவோடும் ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. மேகசின் இல்லாத 17 சுமார் 630 கிராம். முழுதும் நிரப்பினால் 900 கிராமைத் தாண்டும். காலியான 17-க்கும் 19-க்கும் இடையே வித்தியாசம் மிகக் குறைவு. தோட்டா எண்ணிக்கையை ஒப்பிடும் முன் ஊர்ச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூஜெர்சி போன்ற அமெரிக்க மாநிலங்களில் மேகசினுக்கு 10 தோட்டாதான் வரம்பு. அங்கே 17-க்கும் 26-க்கும் அந்த வகையில் வேறுபாடே இல்லை. இந்தியாவில், இந்த மூன்றையும் போன்ற 9 மி.மீ. கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகை, சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

கடையில் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்வது கடைசித் தவறு. சுடாத துப்பாக்கியில் எந்த அளவும் கைக்கு இதமாகத்தான் இருக்கும். பயிற்சித் தளத்தில் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஒரே வகைத் தோட்டாவை, ஒரே தூரத்தில், ஒரே நாளில் சுட்டுப் பாருங்கள். முதல் தோட்டாவை விட்டுவிட்டு, அடுத்தடுத்து வேகமாகச் சுட்ட ஐந்தாவது தோட்டா எங்கே பட்டிருக்கிறது என்று பாருங்கள்.