9/11 நினைவிடத்துக்குப் போகிறீர்களா? பெயர்களிலிருந்து தொடங்குங்கள்

ஜெர்சி சிட்டியில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை நியூயார்க்கின் 9/11 நினைவிடத்துக்குக் கூட்டிப் போவது என் வேலை. நியூ ஜெர்சியையும் நியூயார்க்கையும் இணைக்கும் பாத் (PATH) ரயிலில் உலக வர்த்தக மைய நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். எல்லோரையும் முதலில் குளங்களுக்கே அழைத்துப் போவேன். அருங்காட்சியகம் அப்புறம்.

உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்தில் இரண்டு குளங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் ஏக்கர். பார்க்கக் கட்டணம் இல்லை. சுற்றியுள்ள வெண்கலப் பலகைகளில் 2,983 பெயர்கள்: 2001 செப்டம்பர் 11 அன்று பயங்கரவாதிகள் விமானங்களைக் கடத்தி நடத்திய தாக்குதலில் நியூயார்க்கிலும் பென்டகனிலும் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகம்) பென்சில்வேனியாவிலும் கொல்லப்பட்டவர்கள், இதே வர்த்தக மையத்தில் 1993இல் நடந்த குண்டுவெடிப்பில் இறந்த 6 பேர். அகரவரிசை கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள், ஒரே விமானத்தில் இருந்தவர்கள், ஒரே தீயணைப்பு நிலையத்தினர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். யார் அருகே யார் என்று குடும்பங்கள் கேட்டதையும் மதித்திருக்கிறார்கள். சில பெண்களின் பெயரோடு 'பிறக்காத குழந்தையும்' என்று இருக்கும். இந்தியப் பெயர்களும் கண்ணில் படும். ஒரு பெயரில் வெள்ளை ரோஜா செருகியிருந்தால் அன்று அவருக்குப் பிறந்தநாள்.

தயவுசெய்து அந்தப் பலகைகள் மேல் பையையோ காப்பியையோ வைக்காதீர்கள், சாய்ந்து செல்ஃபி எடுக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் அந்தப் பெயருக்கு உரியவரின் அம்மாவாக இருக்கலாம்.

அருங்காட்சியகத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். பெரும்பாலான செவ்வாய்க்கிழமைகளில் விடுமுறை. விமான நிலையம் போலவே சோதனை உண்டு, பெரிய பை வேண்டாம். படி இறங்க முடியாத பெரியவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

தரைக்கு 70 அடி கீழே, ஹட்சன் நதியைத் தடுத்து நின்ற பழைய காங்கிரீட் சுவரும், மீட்புப் பணியில் கடைசியாக அகற்றிய 36 அடி இரும்புத் தூணும் இருக்கின்றன. நீலச் சதுரங்கள் நிறைந்த சுவருக்குப் பின்னால் அடையாளம் தெரியாத உடற்பகுதிகளை வைத்திருக்கிறார்கள். அங்கே மெதுவாகப் பேசுங்கள்.

அன்றைய நாளை நிமிடம் நிமிடமாகச் சொல்லும் கூடத்தில் படம் எடுக்கக்கூடாது. விமானத்திலிருந்தவர்கள் வீட்டுக்கு விட்ட குரல் செய்திகள் அங்கே ஒலிக்கின்றன. சின்னக் குழந்தைகளை உள்ளே கூட்டிப் போகாதீர்கள். தாங்க முடியவில்லை என்றால் பாதியிலேயே வெளியேற வழி உண்டு, தயங்காமல் வந்துவிடுங்கள். நேரம் குறைவென்றால் இறந்தவர்களின் முகப்படங்கள் உள்ள அறைக்கே போங்கள். வெளியே வாசித்த ஒரு பெயரைத் தொடுதிரையில் தேடினால், அவர் என்ன வேலை பார்த்தார், எதில் ஆசை வைத்திருந்தார் என்று தெரியவரும். அதனால்தான் பெயர்களை முதலில் வாசிக்கச் சொல்கிறேன்.

கிளம்புமுன் வளாகத்தின் தென்மேற்குப் பக்கம், 2019இல் திறந்த கற்பாதைக்கும் போங்கள். இடிபாட்டுப் புழுதியைச் சுவாசித்து நோயுற்றவர்களுக்கானது அது. அவர்கள் இன்றும் இறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் குளக்கரையில் இல்லை.