கேர் காயைக் கெடுக்காமல் சமைக்க

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர் பக்கம் போனால், இலையே இல்லாத மாதிரி வெறும் பச்சைக் குச்சிகளாக மண்டிக் கிடக்கும் முட்புதரைப் பார்க்கலாம். அதுதான் கேர். அதன் பச்சைக் காயை ஊறுகாய் போடுவார்கள், வற்றலாகக் காயவைப்பார்கள். சாங்கிரியோடு, அதாவது நம் வன்னி மரத்தின் பிஞ்சுக் காயோடு சேர்த்து வதக்கினால் கேர் சாங்கிரி. சென்னை சவுகார்பேட்டையிலும் வற்றல் கிடைக்கிறது. ஆசையாக வாங்கிப் போய், ஒரே தடவையோடு கும்பிடு போட்டவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காயின் மேலும் தப்பில்லை.

பெரும்பாலும் தப்பு நடப்பது கசப்பு எடுப்பதில்தான். சுண்டை வற்றல் மாதிரி நேரே எண்ணெயில் போட்டுப் பொரித்தால் வாயில் வைக்க முடியாது. கேர், கடுகுக்குத் தூரத்துச் சொந்தம். காரமும் கசப்பும் பிறவியிலேயே உண்டு. பச்சைக் காய் என்றால் மண்பானையில் போட்டு, மூழ்கும் அளவு உப்புநீரோ புளித்த மோரோ ஊற்றி, சில நாள் ஊறவிட வேண்டும். நடுவில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நாளை எண்ணுவதைவிட நிறத்தைப் பார்ப்பது நல்லது: பளிச்சென்ற பச்சை போய் மங்கிய மஞ்சள் தட்டும்போது, ஒன்றைக் கடித்துப் பாருங்கள். லேசான துவர்ப்பு மட்டும் நின்றால் சரி.

வற்றலில் இன்னொரு சிக்கல். உப்பில் பதப்படுத்திக் காயவைத்ததும் விற்கும், பறித்தபடியே காயவைத்ததும் விற்கும். கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பின்னதற்கு மோர்க் குளியல் கட்டாயம். முன்னதை இரவு ஊறவைத்து அலசினால் போதும். ஆனால் குழம்பில் உப்பைக் கையை அடக்கிப் போட வேண்டும்.

பெரிய காய்தான் தரம் என்று நினைப்பதும் தப்பு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் பிஞ்சுக்குத்தான் விலை அதிகம். பெருத்துவிட்டால் உள்ளே விதை கடினமாகி, பல்லில் இடறும். சிவந்து பழுத்ததை அப்படியே தின்னலாம், அது வேறு கதை.

சாங்கிரிக்குப் பதில் சீமைக் கருவேலங்காயைப் போடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் வேண்டாம். சாங்கிரி மெல்லிய பிஞ்சு, காய்ந்தால் கரும்பழுப்புக் குச்சி. சீமைக் கருவேலங்காய் தடித்த, இனிப்பான சமாச்சாரம்.

அப்புறம் தாளிப்பு. நம் பழக்கத்தில் வெங்காயம், தக்காளி, தேங்காய் என்று ஆரம்பித்துவிடுவோம். தண்ணீர் அரிதான ஊரில், வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் பிறந்த பண்டம் இது. எண்ணெய் தாராளம், ஓமம், காய்ந்த மிளகாய், மல்லித்தூள், மாங்காய்ப்பொடி, விருப்பமிருந்தால் நாலு உலர்திராட்சை. தக்காளி சேர்த்தால் ருசி மாறுவதோடு, மறுநாளே நுரைக்கவும் வாய்ப்பு உண்டு.

சுடச்சுடச் சாப்பிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். ஹோலி முடிந்து எட்டாம் நாள் வரும் சீதளா அஷ்டமிக்கு அங்கே பல வீடுகளில் அடுப்பு மூட்டமாட்டார்கள். கேர், சாங்கிரி, கும்டியா என்ற வேல மர வகையின் விதை, நறுவிலிக்காய், காய்ந்த மாங்காயோ மிளகாயோ சேர்ந்த பஞ்ச்கூட்டாவை முந்தின நாளே சமைத்து வைத்து, ஆறிய கம்பு ரொட்டியோடு சாப்பிடுவார்கள்.